தாத்தாவின் டாலரில் ஏன் கடவுள் இல்லை?

கப்பலில் வேலை பார்த்த தாத்தாவின் பெட்டியிலிருந்து ஒரு பழைய 1 டாலர் நோட்டு கிடைத்தது, அதில் '1935' என்று போட்டிருக்கிறது, ஆனால் இப்போதைய டாலரில் இருக்கும் 'இன் காட் வி டிரஸ்ட்' (கடவுளையே நம்புகிறோம்) என்ற வரி அதில் இல்லை, அப்படியானால் நோட்டு போலியா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே இன்னொரு கேள்வி. மதத்தையும் அரசையும் பிரித்து வைத்த நாடு என்று படித்தோமே, அதன் பணத்தில் கடவுள் எப்படி வந்தார்? நம் ஊர்க் கடைக் கணக்கு நோட்டில் பிள்ளையார் சுழி போடுவது மாதிரி ஆரம்பத்திலிருந்தே இருந்த வழக்கமா? முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். அந்த வரி இல்லை என்பதற்காக நோட்டு போலியாகிவிடாது. 1935 வரிசை நோட்டுகளில் பெரும்பாலானவற்றில் அந்த வரி கிடையாது. இரண்டாவது கேள்விதான் பெரியது. அந்த வரி அந்த நாட்டைத் தொடங்கியவர்கள் சொன்னதா, பிறகு யாரோ ஒட்டியதா என்பதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று புரிந்துகொள்கிறேன்.

நான் வங்கியில் அந்நியச் செலாவணிப் பிரிவில் 20 வருடத்துக்கு மேல் இருந்தவன். நாணயம் சேர்க்க ஆரம்பித்தது அதற்கும் முன்னால், பள்ளி நாட்களில். எந்த வருடத்து நாணயத்தில் என்ன எழுத்து, எந்த நோட்டில் எது இல்லை என்பதெல்லாம் கையில் வைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டவை. அவற்றை அடித்துச் சொல்வேன். சட்டம் என் துறை இல்லை. தீர்ப்புகளைப் படித்திருக்கிறேன், அவ்வளவுதான். அந்தப் பகுதியை ஒரு வாசகன் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள். நான் கடவுள் நம்பிக்கை உள்ளவன். அதையும் முன்னாலேயே சொல்லிவிடுவது நியாயம், ஏனென்றால் கடைசியில் என் கருத்தையும் சொல்லப்போகிறேன்.

முதலில் ஆரம்ப காலம். அமெரிக்க அரசியல் சட்டத்தில், தேதி எழுதும்போது வரும் வழக்கமான 'நம் ஆண்டவரின் ஆண்டு' என்ற சொல்லைத் தவிர, கடவுளைப் பற்றிய பேச்சே கிடையாது. அரசுப் பதவிக்கு மதத் தகுதி எதுவும் கேட்கக் கூடாது என்று அதன் 6-ஆம் பிரிவு சொல்கிறது. 1791-இல் வந்த முதல் திருத்தம், நாடாளுமன்றம் எந்த மதத்தையும் அரசு மதமாக நிறுவக் கூடாது என்கிறது. நாணயங்களும் அதே போக்கில்தான் இருந்தன. 1787-இல் புதிய நாடு தன் பேரில் வெளியிட்ட ஃபியூஜியோ என்ற செப்புக் காசில் ஒரு சூரியக் கடிகாரம், அதன் கீழே 'உன் வேலையைப் பார்' என்ற வாசகம், பின்புறம் 'நாம் ஒன்று'. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் யோசனை என்று சொல்வார்கள். 1792-இல் வந்த நாணயச்சாலைச் சட்டம், சுதந்திரத்தைக் குறிக்கும் ஓர் உருவமும் 'சுதந்திரம்' என்ற சொல்லும் வேண்டும் என்றது. பிறகு 70 வருடம் போல நாணயங்களில் சுதந்திர தேவி இருந்தாள், கழுகு இருந்தது. கடவுள் பெயர் இல்லை. ஆக, ஆரம்பத்திலிருந்தே இருந்த வழக்கமா என்றால், இல்லை. பிள்ளையார் சுழி முதல் பக்கத்தில் முதல் வரியில் போடுவது. இது புத்தகம் பாதி எழுதியான பிறகு, வீடு தீப்பிடித்த நேரத்தில் போட்டது.

அந்தத் தீ உள்நாட்டுப் போர். 1861 ஏப்ரலில் போர் தொடங்கியது. ஜூலையில் புல் ரன் என்ற இடத்தில் வடக்குப் படை தோற்று ஓடியது. நாடு இரண்டாகவே போய்விடும் என்று பலர் நினைத்த நேரம். அந்த நவம்பர் 13 அன்று பென்சில்வேனியாவின் ரிட்லிவில் என்ற சிற்றூரிலிருந்து மார்க் வாட்கின்சன் என்ற போதகர் கருவூலச் செயலர் சாமன் சேஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். நம் நாணயங்களில் எல்லாம் வல்ல கடவுளை ஏதாவது ஒரு வடிவில் ஒப்புக்கொள்ள மறந்துவிட்டோம் என்று ஆரம்பிக்கிறார். ஒருவேளை நம் குடியரசு சிதறி மறுபடி ஒட்டாமலே போய்விட்டால், வருங்காலத்தில் பழம்பொருள் ஆராய்பவர்கள் இந்தக் காசுகளைத் தோண்டியெடுத்துப் பார்த்து, இவர்கள் அஞ்ஞானிகள் என்று முடிவுகட்டிவிட மாட்டார்களா என்று கேட்கிறார். சுதந்திர தேவியை எடுத்துவிட்டு ஒளிவட்டத்தோடு ஒரு கண், அதன் கீழே கொடி, கொடியின் மடிப்பில் 'கடவுள், சுதந்திரம், சட்டம்' என்று போடலாம் என்று யோசனையும் சொல்கிறார். கடவுளை நாம் மறுத்த வெட்கக்கேடும் இன்றைய தேசியப் பேரிடர்களில் சிறியதல்ல என்பது அவர் மனக்குறை.

நாணயம் சேர்ப்பவன் என்ற முறையில் இந்தக் கடிதம் என்னை ஒவ்வொரு முறையும் பிடித்து நிறுத்திவிடும். நாடு அழிந்தாலும் காசு மண்ணுக்கடியில் கிடக்கும், அது நம்மைப் பற்றிச் சாட்சி சொல்லும் என்று அந்த மனிதர் நினைத்திருக்கிறார். நாங்கள் செய்கிற வேலையே அதுதானே. ஆற்று மணலில் கிடைத்த ஒரு காசை வைத்துக்கொண்டு, யார் ஆண்டார்கள், யாரைக் கும்பிட்டார்கள் என்று சொல்கிறோம்.

சேஸ் தாமதிக்கவில்லை. ஒரே வாரத்தில், நவம்பர் 20 அன்று, ஃபிலடெல்ஃபியா நாணயச்சாலையின் இயக்குநர் ஜேம்ஸ் போலக்குக்கு எழுதினார்: கடவுளின் பலத்தில் அல்லாமல் எந்த நாடும் பலமாக இருக்க முடியாது, நம் மக்களின் நம்பிக்கை தேசிய நாணயங்களில் அறிவிக்கப்பட வேண்டும், மிகக் குறைந்த சொற்களில் ஒரு வாசகம் தயார் செய்யுங்கள். ஆனால் சட்டம் குறுக்கே நின்றது. நாணயத்தில் என்ன உருவம், என்ன எழுத்து இருக்க வேண்டும் என்று 1837-ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்து வைத்திருந்தது. நாடாளுமன்றம் மாற்றாமல் ஒன்றும் செய்ய முடியாது. அதற்குள் மாதிரி நாணயங்கள் மட்டும் அடித்துப் பார்த்தார்கள். சிலவற்றில் 'காட் அவர் டிரஸ்ட்' என்று இருக்கும். 1863 டிசம்பரில் போலக் அனுப்பிய மாதிரிகளைப் பார்த்துவிட்டு, கேடயம் உள்ள நாணயத்தில் வாசகத்தை 'இன் காட் வி டிரஸ்ட்' என்று மாற்றுங்கள் என்று சேஸ் எழுதினார். இன்றைக்கு நாம் பார்க்கும் நான்கு சொற்களும் அந்த வரிசையில் நின்றது அந்தக் கடிதத்தில்தான்.

1864 ஏப்ரல் 22 அன்று வந்த சட்டத்தைப் பற்றிப் பலர் தவறாகச் சொல்கிறார்கள். நாடாளுமன்றம் கூடிக் கடவுளைப் பற்றி விவாதித்து அந்த வரியை நிறைவேற்றியது போல எழுதுவார்கள். அந்தச் சட்டத்தில் கடவுள் என்ற சொல்லே கிடையாது. 1 சென்ட்டின் உலோகத்தை மாற்றுவதும் 2 சென்ட் என்று ஒரு புதுக் காசு கொண்டுவருவதும்தான் அதன் வேலை. அந்தக் காசுகளின் வடிவமும் வாசகமும் இயக்குநர், செயலர் இருவர் விருப்பப்படி இருக்கலாம் என்று ஒரு வரி அதில் உண்டு. அந்த வாசல் வழியாகத்தான் கடவுள் உள்ளே வந்தார். அடுத்த வருடம் மார்ச் 3 அன்று வந்த சட்டம் அந்த வாசகத்தைப் பேர் சொல்லிக் குறிப்பிட்டது. அதுகூட, இடம் இருக்கிற நாணயங்களில் போட்டுக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்ததே தவிர, போட்டே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை.

அந்த 2 சென்ட் காசு ஒன்று என்னிடம் இருக்கிறது, 1864-ஆம் வருடத்தது. வெண்கலம், 6 கிராமுக்குக் கொஞ்சம் மேல் எடை, 23 மில்லிமீட்டர் விட்டம். நம் பழைய 1 ரூபாயைவிடக் கொஞ்சம் சிறிசு. நடுவில் ஒரு கேடயம், பின்னால் குறுக்காக இரண்டு அம்புகள், இரு பக்கமும் இலைக்கொத்து, மேலே வளைந்து ஓடும் ஒரு நாடா. வாசகம் அந்த நாடாவில்தான். செதுக்கியவர் ஜேம்ஸ் லாங்கேகர். நாடா நடுவில் மேடாக இருப்பதால், காசு புழங்கப் புழங்க முதலில் தேய்வது நடுவில் இருக்கும் 'வி', அதாவது 'நாம்' என்ற சொல். என் காசில் 'இன் காட்' தெளிவாக இருக்கிறது, 'டிரஸ்ட்' தெரிகிறது, 'வி' இருந்த இடத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் கண்டுபிடிக்கலாம். சேகரிப்பாளர்கள் இந்தக் காசின் தரத்தை அந்தச் சொல்லை வைத்தே எடை போடுவார்கள். 1864-இல் மட்டும் சிறிய எழுத்து, பெரிய எழுத்து என்று இரண்டு விதம் உண்டு. சிறிய எழுத்து அரிது. அந்த ஒரு வருடத்தில் ஏறத்தாழ 2 கோடி காசு அடித்தார்கள். போர்க் காலத்தில் மக்கள் உலோகக் காசை எல்லாம் பதுக்கிவிட்டதால் சில்லறைக்குப் பெரிய பஞ்சம். வாசகம் இவ்வளவு வேகமாக நாடெங்கும் பரவியதற்கு அந்தப் பஞ்சமும் ஒரு காரணம்.

இதுவரை சொன்னது ஆவணத்தில் இருப்பது. இனி ஊகத்துக்கு உரிய இரண்டு விஷயங்கள். அந்தச் சொற்களைச் சேஸ் எங்கிருந்து எடுத்தார்? இன்றைய தேசிய கீதமாகிய ஃபிரான்சிஸ் ஸ்காட் கீயின் 1814-ஆம் ஆண்டுப் பாட்டின் நாலாவது பத்தியில், 'கடவுளிடமே நம் நம்பிக்கை, இதுவே நம் வாசகம்' என்ற கருத்தில் ஒரு வரி வருகிறது. அதிலிருந்து வந்திருக்கலாம் என்பது நம்பத் தகுந்த ஊகம், ஊகம் மட்டுமே. லிங்கன் உருவாக்கினார் என்று பரவும் கதைக்கு அந்த அளவு ஆதாரமும் இல்லை. சட்டங்களில் கையெழுத்துப் போட்டவர் அவர், அதுவரைக்கும்தான் உறுதி. இன்னொன்று, தெற்கு மாகாணங்கள் 1861-இல் எழுதிக்கொண்ட அரசியல் சட்டம் தன் முகவுரையிலேயே எல்லாம் வல்ல கடவுளின் அருளை வேண்டியது. அடிமைத்தனத்தைக் காக்கப் பிரிந்துபோனவர்கள் கடவுளைத் தங்கள் பக்கம் எழுதிக்கொண்டார்கள், நாம் எழுதவில்லையே என்ற உறுத்தல் வடக்கில் இருந்த போதகர்களைத் தூண்டியிருக்கும் என்று நான் நினைக்கிறேன். வாட்கின்சனின் கடிதத்தில் அது வெளிப்படையாக இல்லை. என் வாசிப்பு அது.

போர் முடிந்ததும் அந்த வரி அப்படியே நிலைத்துவிட்டதா என்றால், அதுவும் இல்லை. 1866 முதல் பெரிய வெள்ளி, தங்க நாணயங்களில் வந்தது. 5 சென்ட் நிக்கலில் 1883-இல் வடிவம் மாறியபோது காணாமல் போய், 1938-இல் ஜெஃபர்சன் தலை போட்ட நிக்கலில்தான் திரும்பி வந்தது. 55 வருடம் அந்தக் காசு கடவுள் பெயர் இல்லாமல் கை மாறிக்கொண்டிருந்தது. 1 சென்ட்டில் 1909-இல், 10 சென்ட்டில் 1916-இல் ஏறியது. எல்லா நாணயத்திலும் தவறாமல் இருப்பது 1938-க்குப் பிறகுதான்.

இடையில் ஒரு குடியரசுத் தலைவரே அதை வேண்டாம் என்றார். தியடோர் ரூஸ்வெல்ட் 1905-இல் சிற்பி அகஸ்டஸ் செயின்ட் காடன்ஸிடம் புதிய 10 டாலர், 20 டாலர் தங்க நாணயங்களை வடிவமைக்கச் சொன்னார். உலகத்திலேயே அழகான நாணயங்களில் ஒன்று என்று எங்கள் வட்டாரத்தில் பலரும் சொல்லும் அந்த 20 டாலர் அப்படிப் பிறந்ததுதான். அதில் வாசகம் இல்லை. எதிர்ப்பு கிளம்பியதும் ரூஸ்வெல்ட் 1907 நவம்பர் 11 அன்று ஒரு கடிதத்தில் பதில் சொன்னார். அவர் பக்தியுள்ள மனிதர். அவர் சொன்னது இதுதான்: இந்தப் புனிதமான வாசகத்தை நாணயத்தில் போடுவதால் நன்மை இல்லை, தீங்குதான், அது தெய்வ நிந்தனைக்கு மிகப் பக்கத்தில் போகிற அவமரியாதை. நாணயத்தில் இருக்கும் இந்த வரியைப் பற்றி ஒருவர்கூடப் பயபக்தியோடு பேசி நான் கேட்டதில்லை, கேலி செய்துதான் நூற்றுக்கணக்கான தடவை கேட்டிருக்கிறேன் என்றும் எழுதினார். வெள்ளி டாலரில் முகமதிப்புக்கு ஈடான வெள்ளி இல்லாதபோது, 'மீதி 8 சென்ட்டுக்குக் கடவுளை நம்புகிறோம்' என்று பத்திரிகைகள் கேலிச்சித்திரம் போட்டதை அவரே எடுத்துக்காட்டுகிறார். நீதிமன்றங்களிலும் சட்டமன்றங்களிலும் தேசிய நினைவுச் சின்னங்களிலும் அந்த வரியைப் பொறிக்கலாம், காசில் மட்டும் வேண்டாம் என்பது அவர் கட்சி. நாடாளுமன்றம் கேட்கவில்லை. 1908 மே 18 அன்று சட்டம் போட்டுத் திரும்பக் கொண்டுவந்துவிட்டது.

இனி உங்கள் நோட்டுக்கு வருகிறேன். இதுவரை சொன்னது எல்லாம் உலோகக் காசு. காகிதப் பணத்தில் கடவுள் ஏற இன்னொரு பயம் தேவைப்பட்டது. 1953-இல் ஆர்கன்சாவைச் சேர்ந்த மேத்யூ ராதர்ட் என்ற நாணயச் சேகரிப்பாளர் சிகாகோவில் ஒரு தேவாலயத்தில் உட்கார்ந்திருக்கிறார். காணிக்கைத் தட்டு அவர் முன்னால் வருகிறது. தட்டில் கிடக்கும் சில்லறையில் அந்த வரி இருக்கிறது, நோட்டுகளில் இல்லை. உலகம் சுற்றுவது நோட்டுதானே, கம்யூனிச நாடுகள் கடவுளை மறுக்கும் இந்தக் காலத்தில் நம் செய்தி நோட்டில் அல்லவா போக வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அதிகாரிகளுக்கும் அரசியல்வாதிகளுக்கும் எழுத ஆரம்பித்தார். நேரமும் அதற்கு ஏற்றாற்போல் இருந்தது. 1954-இல் பள்ளிப் பிள்ளைகள் சொல்லும் கொடி உறுதிமொழியில் 'கடவுளின் கீழ்' என்று சேர்த்தார்கள். அதே வருடம் சுதந்திர தேவி சிலை போட்ட 8 சென்ட் தபால்தலையில் இந்த வாசகம் வந்தது. ஃபுளோரிடா உறுப்பினர் சார்லஸ் பென்னட் கொண்டுவந்த மசோதாவில் குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர் 1955 ஜூலை 11 அன்று கையெழுத்திட்டார். எல்லா நாணயத்திலும் எல்லா நோட்டிலும் அந்த வரி கட்டாயம் ஆனது அன்றுதான். 1956 ஜூலை 30 அன்று அதையே நாட்டின் அதிகாரபூர்வ வாசகம் ஆக்கினார்கள். அதுவரை அந்த இடத்தில், சட்டம் எதுவும் இல்லாமலே, 'பலவற்றிலிருந்து ஒன்று' என்ற பொருளுள்ள லத்தீன் வாசகம் இருந்தது. 1782-இல் நாட்டின் முத்திரைக்காகத் தேர்ந்தது அது.

சட்டம் வந்த மறுநாளே நோட்டு மாறிவிடவில்லை. அச்சுக்குப் புதுத் தகடு மாற்றும்போது சேர்த்தால் போதும் என்பது ஏற்பாடு. அந்த நேரத்தில் ஒரு தாளில் 32 நோட்டு அச்சிடும் வேகமான புது இயந்திரங்கள் வந்துகொண்டிருந்தன, அதனால் தனிச் செலவு பெரிதாக இல்லை. வாசகம் போட்ட முதல் 1 டாலர் நோட்டு 1957 அக்டோபர் 1 அன்று புழக்கத்துக்கு வந்தது. மற்ற மதிப்புகளுக்கு 1960-களின் நடுப்பகுதி வரை ஆனது. பழைய இயந்திரங்களில் பழைய தகட்டை வைத்து '1935' வரிசையும் கூடவே ஓடிக்கொண்டிருந்தது. அந்த '1935' அச்சடித்த வருடம் இல்லை, வடிவமைப்பின் வருடம். பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்துதான் வரிசையைச் சொல்லும். எழுத்தில்லாத 1935 முதல் 'எஃப்' வரை வாசகம் கிடையாது. 'ஜி'யில் இரண்டு விதமும் உண்டு. 'எச்'சில் வாசகம் இருக்கும். உங்கள் தாத்தாவின் நோட்டு 1935-ஐவிட இருபது வருடம் பிந்தியதாகக்கூட இருக்கலாம்.

இப்போது நோட்டைத் திருப்பிப் பாருங்கள். இடது பக்கம் ஒரு பிரமிடு, அதன் உச்சியில் முக்கோணத்துக்குள் ஒரு கண். மேலே 'அன்னுயித் கேப்டிஸ்' என்று லத்தீனில் இரண்டு சொல். 'நம் முயற்சிகளுக்கு அவர் அருள்புரிந்தார்' என்று பொருள். அந்த 'அவர்' கடவுள். 1782-இல் முத்திரையை முடித்துக் கொடுத்த சார்லஸ் தாம்சன், அமெரிக்கர்களின் போராட்டத்தில் தெய்வம் பலமுறை கைகொடுத்ததைத்தான் அந்தக் கண்ணும் வாசகமும் குறிக்கின்றன என்று எழுதியே வைத்திருக்கிறார். 1935-இல்தான் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் ஒப்புதலோடு அந்த முத்திரை டாலரில் ஏறியது. ஆகவே, தாத்தாவின் நோட்டில் கடவுளே இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு கண்ணாக, புரியாத மொழியில் இரண்டு சொல்லாக இருக்கிறார். நாட்டைத் தொடங்கியவர்களுக்குக் கடவுளே வேண்டாம் என்றிருந்தது என்று வாதாடுபவர்களும் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். 'இன் காட் வி டிரஸ்ட்' அவர்கள் போட்டதில்லை என்பது உறுதி. தெய்வத்தின் துணையைப் பற்றி அவர்கள் வாயே திறக்கவில்லை என்பது சரியில்லை.

நீதிமன்றம் ஏன் எடுக்கச் சொல்லவில்லை என்பது உங்கள் கேள்வியில் மறைந்திருக்கும் கேள்வி. பலர் வழக்குப் போட்டார்கள், எல்லாரும் தோற்றார்கள். 1970-இல் 9-ஆவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், இந்த வாசகத்துக்கும் மதத்தை நிறுவுவதற்கும் சம்பந்தமே இல்லை, இது தேசபக்தி சார்ந்த, சடங்கு சார்ந்த ஒன்று என்று சொல்லிவிட்டது. பிறகு வந்த மற்ற நீதிமன்றங்களும் ஏறக்குறைய அதே வழியில்தான் போயின. உச்ச நீதிமன்றம் இதை நேரடியாக எடுத்து விசாரித்ததே இல்லை, பக்கவாட்டில் தொட்டதோடு சரி. 1977-இல் ஜார்ஜ் மேனர்ட் என்பவர் தன் கார் எண் பலகையில் மாநிலம் அச்சிட்டிருந்த வேறொரு வாசகம் தன் மத நம்பிக்கைக்கு ஒவ்வாதது என்று மறைத்து ஓட்டிய வழக்கில் அவர் ஜெயித்தார். அப்படியானால் நாளை டாலரில் இருப்பதையும் அழிக்கலாமா என்ற கேள்வி எழுந்தது. அதற்கு ஓர் அடிக்குறிப்பில் பதில் இருக்கிறது: காரின் பலகை ஊருக்குத் தெரிவது, பணம் பையிலும் பர்ஸிலும் இருப்பது, அதை வைத்திருப்பவர் அந்த வாசகத்தை விளம்பரப்படுத்துவதாக ஆகாது. 1984-இல் இன்னொரு வழக்கில் நீதிபதி பிரெனன், இந்த மாதிரி வரிகள் திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லி மதப் பொருளை இழந்துவிட்டன, அதனால் தப்பிக்கின்றன என்ற கருத்தில் எழுதினார். அது மாறுபட்ட தீர்ப்பில் வந்த கருத்து, நீதிமன்றத்தின் முடிவு இல்லை. ஆனாலும் இந்த விஷயத்தில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது அதுதான்.

என் மனசில் முள்ளாக நிற்பதும் அதே இடம்தான். அந்த வரியைக் காப்பாற்றியவர்கள், அதில் அர்த்தம் ஒன்றும் இல்லை என்று சொல்லிக் காப்பாற்றியிருக்கிறார்கள். வாட்கின்சன் கண்ணீரோடு கேட்டது இதுவா? 2018-இல் 6-ஆவது வட்டார நீதிமன்றம் தீர்த்த வழக்கில், வாதிகளில் ஒருவர் நாத்திகர் அல்ல, ஆசாரமான யூதர். கடவுளின் பெயரைக் கண்ட இடத்தில் அச்சடித்துப் புழங்கவிடுவது பாவம் என்பது அவர் நம்பிக்கை. அந்தப் பெயர் உள்ள தாளைத் தினம் கையாள வைக்கிறீர்களே என்று முறையிட்டார். கார்டு போன்ற வேறு வழிகளில் பணம் கொடுக்கலாமே என்ற தர்க்கத்தில் அந்தப் பக்கமும் தள்ளுபடி ஆனது. நம்பாதவருக்கும் அந்த வரி உறுத்துகிறது, மிக ஆழமாக நம்புகிறவருக்கும் உறுத்துகிறது. கவுண்டரில் உட்கார்ந்து வருடக் கணக்கில் டாலர் எண்ணியவன் நான். எச்சில் தொட்டு எண்ணியிருக்கிறேன், ரப்பர் பேண்ட் போட்டு வீசியிருக்கிறேன், கிழிந்ததை ஒதுக்கியிருக்கிறேன். அந்த வரி ஒருநாளும் என் கண்ணில் படவில்லை. வீட்டில் கீழே விழுந்த சாமி படத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவன் நான். அதனால்தான் தியடோர் ரூஸ்வெல்ட் சொன்னது சரி என்று எனக்குப் படுகிறது. என்னோடு உடன்படாதவர்கள் நிறைய இருப்பார்கள். அமெரிக்காவில் 2011-இல் கீழவை இந்த வாசகத்தை மறுபடி உறுதிசெய்தபோது ஆதரவு 396, எதிர்ப்பு 9.

அந்த வரி அங்கே எவ்வளவு உணர்ச்சியைத் தொடும் என்பதற்கு 2007-இல் நடந்ததைச் சொல்லலாம். அந்த வருடம் வாஷிங்டன் தலை போட்ட புது 1 டாலர் நாணயத்தில் வாசகத்தைக் காசின் விளிம்பில் அடித்தார்கள். விளிம்பு எழுத்து தனி இயந்திரத்தில், காசு அடித்த பிறகு செய்யும் வேலை. ஒரு பகுதி காசுகள் அந்த இயந்திரத்துக்குள் போகாமலே மூட்டை கட்டப்பட்டு வெளியே வந்துவிட்டன. அரசு கடவுளை எடுத்துவிட்டது என்று மின்னஞ்சல்கள் பறந்தன. நடந்தது பட்டறைத் தவறு. ஆனாலும் நாடாளுமன்றம் தலையிட்டு, 2009 முதல் வாசகத்தைக் காசின் முகத்துக்கே மாற்ற வைத்தது.

மற்ற நாடுகளிலும் இது உண்டு. நெதர்லாந்தின் 2 யூரோ விளிம்பில் 'கடவுள் நம்மோடு இருப்பாராக' என்று இருக்கிறது. பிரேசில் நோட்டுகளில் 'கடவுளுக்குப் புகழ்' என்று 1986 முதல் வருகிறது. பிரிட்டனில் 'கடவுள் அருளால்' என்பதன் லத்தீன் சுருக்கம் அரசர் பெயரோடு ஒட்டிக்கொண்டே வரும். 1849-இல் ஃபுளோரின் என்ற 2 ஷில்லிங் காசில் அதை விட்டுவிட்டதற்கு எழுந்த கூச்சலில் 'கடவுளற்ற ஃபுளோரின்' என்றே அதற்குப் பேர் ஆகிவிட்டது. அதே பிரிட்டன் இந்தியாவுக்கு அடித்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் அந்தச் சுருக்கத்தைப் போடவில்லை. வெறும் 'அரசர், பேரரசர்' மட்டும்தான். அதற்கு முன்பு கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் அடித்த நட்சத்திர வராகனில் விஷ்ணு உருவமே இருக்கும். கம்பெனிக்காரர்களுக்கு விஷ்ணு பக்தி வந்துவிடவில்லை. சாமி உருவம் போட்ட வராகனைத்தான் இங்கே வியாபாரிகள் கைநீட்டி வாங்கினார்கள். இதைப் பற்றித் தனியாகவே ஒரு பதில் எழுதலாம்.

கடைசியாக, உங்கள் நோட்டை எப்படிப் பார்ப்பது. மேலே 'சில்வர் சர்டிபிகேட்' என்றும், முத்திரையும் வரிசை எண்ணும் நீல நிறத்திலும் இருக்க வேண்டும். வாஷிங்டனின் கோட்டு மேல் நகத்தை லேசாக ஓட்டினால் சொரசொரப்பு தட்டுப்பட வேண்டும். தாளுக்குள் சிவப்பும் நீலமுமாகப் பொடிப் பொடி நூல்கள் தெரிய வேண்டும், அவை மேலே அச்சடித்ததாக இருக்கக் கூடாது. இவை எல்லாம் சரியாக இருந்தால் பெரும்பாலும் நல்ல நோட்டுதான், நேரில் பார்க்காமல் இதற்கு மேல் சொல்ல மாட்டேன். அதைக் கொடுத்து வெள்ளி வாங்கிக்கொள்ளும் வசதி 1968 ஜூனோடு முடிந்துவிட்டது, ஆனால் 1 டாலர் என்ற மதிப்பு இன்றும் செல்லும். கோடிக்கணக்கில் அச்சடித்த வரிசை என்பதால் பெரிய விலை எதிர்பார்க்காதீர்கள். முத்திரை மஞ்சளாகவோ, பழுப்பாக இருந்து 'ஹவாய்' என்ற எழுத்தோடோ இருந்தால் மட்டும் அது இரண்டாம் உலகப் போருக்காக அச்சிட்ட வகை, தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். துடைக்காதீர்கள், இஸ்திரி போடாதீர்கள், டேப் ஒட்டாதீர்கள். பிவிசி கலக்காத உறையில் மடிக்காமல் வையுங்கள். '1935'-க்குப் பக்கத்தில் என்ன எழுத்து இருக்கிறது என்று பார்த்து எழுதினால், தாத்தா எந்தக் காலத்தில் அதை வாங்கியிருப்பார் என்று ஓரளவு கணித்துச் சொல்கிறேன்.